பாதரசத்துக்கு அஞ்சாத கிருமி

1. உடைந்த தெர்மாமீட்டர்

மூணாறுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டம். மலைச் சரிவில் வரிசையாக லயங்கள். லயத்துக்குக் கீழே ஒரு ஓடை. ஓடையில் சிறுவர்கள் மீன் பிடிப்பார்கள். பெண்கள் துணி துவைப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு வீட்டில் சின்ன மகளுக்குக் காய்ச்சல். அம்மா அலமாரியில் இருந்த பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரை எடுத்தாள். அதை உதறினாள். கை நழுவியது. தெர்மாமீட்டர் சிமெண்டுத் தரையில் விழுந்து உடைந்தது.

தரையில் வெள்ளி மணிகள் உருண்டன. தொட்டால் ஒன்று இரண்டாகியது. இரண்டும் மீண்டும் ஒன்றாகச் சேர்ந்தது. காய்ச்சலை மறந்து மகள் கை நீட்டினாள். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகனும் குனிந்தான். அம்மா விளக்கமாற்றை எடுத்தாள்.

அப்போது தொடர்கல்வி மையத்து டீச்சர் வாசலில் வந்து நின்றார்.

“அக்கா, விளக்கமாற்றைக் கீழே போடுங்க! முதல்ல பிள்ளைகளை வெளியே அனுப்புங்க” என்றார்.

“ஏன் டீச்சர்? கண்ணாடி குத்திடும்னா?”

“கண்ணாடி மட்டும் இல்லை அக்கா. அது பாதரசம். விஷம். கூட்டினால் அது பொடிப் பொடியாகச் சிதறும். சந்து பொந்தெல்லாம் போய் உட்காரும். அங்கிருந்து ஆவியாகும். அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாது. மணமும் கிடையாது.”

அம்மா பயந்துவிட்டாள். குழந்தைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள். டீச்சர் சொல்லச் சொல்ல வேலையைச் செய்தாள்.

ஜன்னலையும் கதவையும் திறந்து வைத்தாள். கையில் இருந்த மோதிரத்தையும் வளையலையும் கழற்றினாள். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துப் போகும். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டாள். இரண்டு தடித்த அட்டைகளால் மணிகளை மெதுவாக ஒன்று சேர்த்தாள். ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, மணிகளை அதற்குள் தள்ளினாள். கண்ணுக்குத் தெரியும் சின்னச் சின்னப் பொட்டுகளை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்தாள். டேப்பையும் அட்டையையும் உடைந்த கண்ணாடியையும் வேறொரு டப்பாவில் போட்டு மூடினாள். பாட்டிலையும் இறுக மூடினாள்.

அப்பத்தா திண்ணையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதை ஏன் டீச்சரம்மா தூக்கிப் போடணும்? தட்டார்கிட்டக் கொடுத்தால் காசு கிடைக்கும். இல்லேன்னா ரசமணி கட்டிப் பிள்ளை கழுத்தில் போடலாம்” என்றாள்.

“வேண்டாம் பாட்டி. தட்டார் அதை நெருப்பில் காட்டுவார். சூடு பட்டால் ஆவி இன்னும் அதிகமாக வரும். அந்த வீட்டுப் பிள்ளைகளும் நம்ம பிள்ளைகள்தானே?”

மகன் வாசலில் இருந்தே ஒரு கேள்வி கேட்டான்.

“டீச்சர், பாதரசத்தைத் தின்கிற கிருமி இருக்குன்னு ஸ்கூல்ல சொன்னாங்க. இதை ஓடைக்கரை மண்ணில் புதைச்சா அந்தக் கிருமி தின்னுடும்ல?”

டீச்சர் சிரித்தார். “நல்ல கேள்வி தம்பி. சாயந்தரம் எல்லாரும் மையத்துக்கு வாங்க. இதைப் பற்றியே இன்னைக்குப் படிப்போம். அதுவரைக்கும் பாட்டிலை யாரும் திறக்கக் கூடாது.”

2. பாதரசத்தின் மூன்று உருவங்கள்

மாலையில் மையத்தில் பதினைந்து பேர் கூடினார்கள். டீச்சர் கரும்பலகையில் ‘பாதரசம்’ என்று எழுதினார்.

பாதரசம் ஓர் உலோகம். இரும்பு, செம்பு, தங்கம் போல அதுவும் ஓர் உலோகம்தான். ஆனால் இரும்பு கட்டியாக இருக்கிறது. பாதரசம் சாதாரண வெப்பத்தில் நீர் போல ஓடுகிறது. அது மிகவும் கனமானது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை இருக்கும். ஒரு லிட்டர் பாதரசம் பதின்மூன்றரை கிலோவுக்கு மேல் இருக்கும்.

பாதரசம் பூமிக்குள் இருந்து கிடைக்கிறது. சித்த வைத்தியர்கள் சொல்லும் சாதிலிங்கம் என்ற சிவப்புக் கல்லில் பாதரசமும் கந்தகமும் சேர்ந்து இருக்கின்றன.

பாதரசம் மூன்று உருவங்களில் வரும்.

முதல் உருவம், தெர்மாமீட்டரில் இருக்கும் வெள்ளி நிறத் திரவம். இதன் ஆவியை மூச்சில் இழுத்தால் நுரையீரல் வழியாக இரத்தத்துக்குப் போகும். அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். நீண்ட நாள் மூச்சில் போனால் கை நடுங்கும். தூக்கம் கெடும். ஞாபகம் குறையும்.

இரண்டாவது உருவம், பாதரச உப்பு. இது தண்ணீரில் கரையும். உயிருள்ள எதன் உடலுக்குள்ளும் எளிதாகப் புகுந்து கெடுக்கும்.

மூன்றாவது உருவம், மெத்தில் பாதரசம். மூன்றிலும் கொடியது இதுதான். இது நீரில் வாழும் சிறு உயிர்களில் சேர்கிறது. அவற்றைத் தின்னும் சின்ன மீனில் கூடுகிறது. சின்ன மீனைத் தின்னும் பெரிய மீனில் இன்னும் கூடுகிறது. கடைசியில் மனிதர் தட்டுக்கு வருகிறது.

ஜப்பானில் மினமாட்டா என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே ஒரு ரசாயனத் தொழிற்சாலை 1932 முதல் 1968 வரை மெத்தில் பாதரசம் கலந்த கழிவைக் கடலில் விட்டது. மீனைத் தின்ற பூனைகள் வலிப்பு வந்து செத்தன. பிறகு மனிதர்களுக்கு நோய் வந்தது. கை கால் இழுத்துக்கொண்டது. கண் பார்வை மங்கியது. நன்றாக இருந்த தாய்மார்களுக்கும் நோயோடு பிள்ளைகள் பிறந்தன. 1956இல்தான் இந்த நோய் இருப்பது அதிகாரபூர்வமாகத் தெரிந்தது. அதற்குப் பிறகும் பன்னிரண்டு ஆண்டுகள் கழிவு கடலில் கலந்தது.

“பன்னிரண்டு வருஷமா!” என்றாள் அம்மா. வேறு யாரும் பேசவில்லை.

3. பாதரசம் எப்படிக் கொல்கிறது?

நம் உடம்பு புரதங்களால் ஆனது. தசை, முடி, இரத்தம் எல்லாவற்றிலும் புரதம் உண்டு. உடம்புக்குள் வேலை செய்யும் நொதிகளும் புரதங்கள்தான். சோற்றைச் செரிக்க வைப்பது நொதி. மூச்சுக் காற்றில் இருந்து சக்தி எடுக்க உதவுவதும் நொதி.

பல புரதங்களில் கொஞ்சம் கந்தகம் இருக்கிறது. முடி கருகினால் ஒரு நாற்றம் வரும். முட்டை அழுகினாலும் நாற்றம் வரும். கந்தகம்தான் அதற்குக் காரணம்.

பாதரசத்துக்குக் கந்தகம் என்றால் மிகவும் பிடிக்கும். உடம்புக்குள் போனதும் கந்தகத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். அட்டை காலைக் கவ்வுவது போலக் கவ்வும். அப்போது நொதியின் வடிவம் கெடும். அது செய்து வந்த வேலை நின்று போகும். வேலை நின்றால் உயிர் நிற்காது.

மனிதருக்கு மட்டும் அல்ல, மீனுக்கும் செடிக்கும் இதுதான் கதி. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவுக்கும் இதுதான் கதி. ஆனால் சில பாக்டீரியாக்கள் பாதரசத்தின் நடுவிலும் பிழைத்துக் கொள்கின்றன.

4. கொதிக்கும் நீரில் வாழும் உயிர்கள்

பாக்டீரியா என்றதும் நோய்தான் நினைவுக்கு வரும். எல்லா பாக்டீரியாவும் நோய் தருவதில்லை. பால் தயிராவது பாக்டீரியாவால். தோசை மாவு புளிப்பதும் முக்கியமாக பாக்டீரியாவால்தான்.

பாலைக் காய்ச்சினால் அதில் உள்ள பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை சாகும். அதனால்தான் பால் சீக்கிரம் கெடுவதில்லை. ஆனால் சூட்டையே விரும்பி வாழும் பாக்டீரியாக்களும் உண்டு. அவை வெந்நீர் ஊற்றுகளில் வாழ்கின்றன.

பூமிக்கு அடியில் சூடான பாறை இருக்கும் இடங்களில், நிலத்தடி நீர் சூடாகி மேலே வருகிறது. அதுதான் வெந்நீர் ஊற்று. இமாசலப் பிரதேசத்தில் மணிகரண் என்ற ஊரில் இப்படி ஊற்று உண்டு. மேற்கு வங்காளத்தில் பக்ரேஷ்வரிலும், லடாக்கில் பூகா பள்ளத்தாக்கிலும் உண்டு. அமெரிக்காவில் எல்லோஸ்டோன் என்ற பெரிய காட்டுப் பூங்கா இருக்கிறது. அங்கே வெந்நீர் ஊற்றுகள், கொதிக்கும் சேற்றுக் குட்டைகள் என்று பத்தாயிரத்துக்கும் மேல் உள்ளன.

1966இல் தாமஸ் பிராக் என்ற அமெரிக்க அறிவியலாளர் எல்லோஸ்டோனில் ஒரு பாக்டீரியாவைக் கண்டெடுத்தார். அது சுமார் 70 டிகிரி சூட்டில் நன்றாக வளர்ந்தது. 70 டிகிரி நீரில் மனிதர் கை வைத்தால் உடனே வெந்து போகும். 1969இல் அதற்குத் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள். தெர்மஸ் என்றால் சூடு என்று பொருள். டீ கொண்டு போகும் தெர்மாஸ் பிளாஸ்க், தெர்மாமீட்டர் எல்லாம் அதே சொல்லில் இருந்து வந்தவை.

இந்தக் கிருமி எல்லோருக்கும் ஒரு வகையில் உறவு. 2021இல் வாளையாறு, குமுளி சோதனைச் சாவடிகளில் கொரோனா இல்லை என்று ஆர்.டி.பி.சி.ஆர். சான்று கேட்டார்கள். அந்தச் சோதனையில் மாதிரியைத் திரும்பத் திரும்பச் சூடாக்க வேண்டும். சாதாரண நொதி சூட்டில் கெட்டுவிடும். வெந்நீர் ஊற்றுக் கிருமியின் நொதி கெடாது. அந்த நொதியைக் கொண்டுதான் இந்தச் சோதனை முறை வளர்ந்தது.

5. பாதரசத்தை வெளியே தள்ளும் வித்தை

வெந்நீர் ஊற்றில் சூடு மட்டுமா வருகிறது? இல்லை. பூமிக்குள் இருக்கும் பல பொருள்களும் நீரோடு மேலே வருகின்றன. கந்தகம் வருகிறது. பாதரசமும் வருகிறது.

அங்கே வாழும் கிருமி என்ன செய்யும்? அதற்குக் கால் இல்லை, ஓடிப் போக முடியாது. பாதரச உப்பு அதன் உடலுக்குள் புகுந்துகொண்டே இருக்கும்.

அதனிடம் ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதி பாதரச உப்பைப் பிடிக்கிறது. அதற்கு இரண்டு எலெக்ட்ரான்களைக் கொடுக்கிறது. எலெக்ட்ரான் என்பது அணுவுக்குள் இருக்கும் மிக மிகச் சிறிய மின் துகள். இரண்டு எலெக்ட்ரான் கிடைத்ததும் பாதரச உப்பு தன் உருவத்தை மாற்றிக்கொள்கிறது. மீண்டும் உலோகப் பாதரசம் ஆகிறது. உலோகப் பாதரசம் ஆவியாகி, கிருமியின் உடலை விட்டு வெளியே போய்விடுகிறது.

சுருக்கமாகச் சொன்னால், வீட்டுக்குள் வந்த பாம்பைக் கிருமி கொல்லவில்லை. ஜன்னல் வழியாக வெளியே விட்டுவிடுகிறது.

ஜப்பானில் ஒரு வெந்நீர் ஊற்றில் தெர்மஸ் தெர்மோஃபிலஸ் என்ற இன்னொரு பாக்டீரியா கிடைத்திருந்தது. அதனிடமும் இந்த நொதி இருப்பதை 2009இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக அறிவியலாளர்கள் விளக்கினார்கள்.

6. இந்த வித்தை எப்படி வந்தது?

“டீச்சர், இதை அதுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?” என்று அம்மா கேட்டாள்.

“யாரும் சொல்லிக் கொடுக்கலை அக்கா. அதுவா யோசிச்சும் செய்யலை. ஏலத்தோட்டத்தை நினைச்சுப் பாருங்க.”

இடுக்கியில் பல ஏலத் தோட்டங்களில் ஞள்ளானி என்ற ரகம் இருக்கிறது. அதை உருவாக்கியது ஆய்வுக்கூடம் அல்ல. கட்டப்பனைப் பக்கத்து விவசாயி ஒருவர் தம் தோட்டத்தில் நன்றாகக் காய்த்த செடியைத் தேர்ந்தெடுத்தார். அதன் தட்டைகளைப் பிரித்து நட்டார். அது பெருகி ஊரெங்கும் பரவியது. எல்லாச் செடியும் ஒன்று போல இருப்பதில்லை. சில நன்றாகக் காய்க்கும், சில நோய் தாங்கும். நல்லதைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினால் சில ஆண்டுகளில் தோட்டமே மாறிவிடும்.

வெந்நீர் ஊற்றிலும் இப்படித்தான் நடந்தது. ஆனால் அங்கே தேர்ந்தெடுத்தது மனிதர் அல்ல, பாதரசமே.

ஒவ்வொரு உயிருக்குள்ளும் மரபணு இருக்கிறது. என்ன புரதம் செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்பு அதில் இருக்கிறது. கிருமி இரண்டாகப் பிரியும்போது அந்தக் குறிப்பு படி எடுக்கப்படுகிறது. கையால் படி எடுக்கும்போது ஓர் எழுத்து மாறிப் போவது உண்டு. மரபணுவிலும் அப்படி மாறும். பெரும்பாலான மாற்றங்களால் பயன் இல்லை. சில மாற்றங்கள் கெடுதல் செய்யும். எப்போதாவது ஒன்று உதவும்.

முன்பே கிருமிகளிடம் வேறு வேலை செய்யும் ஒரு நொதிக் குடும்பம் இருந்தது. உணவில் இருந்து சக்தி எடுக்கும் வேலையில் அது உதவி வந்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நொதியில் சிறு சிறு மாற்றங்கள் வந்தன. மாறிய நொதி பாதரசத்தைக் கொஞ்சம் மாற்றக் கற்றது. கவ்வாத்துக் கத்தியைத் தீட்டி வேறு வேலைக்குப் பயன்படுத்துவது போல, பழைய கருவி புதிய வேலைக்கு வந்தது.

அந்தக் கிருமி பிழைத்தது. மற்றவை செத்தன. பிழைத்தது இரண்டாகியது, நான்காகியது. அதன் பிள்ளைகளில் இன்னும் நன்றாகச் செய்தவை இன்னும் பெருகின. இப்படிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் நடந்தது. இதைத்தான் பரிணாமம் என்கிறோம்.

7. எவ்வளவு பழைய கதை?

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பல கிருமிகளின் மரபணுக்களை அறிவியலாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு மரபணுக்களுக்குள் வித்தியாசம் குறைவு என்றால் உறவு கிட்டம். வித்தியாசம் அதிகம் என்றால் உறவு தூரம். இப்படி ஒரு குடும்ப மரம் வரையலாம்.

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் தமர் பர்க்கே, மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் எரிக் பாய்டு ஆகிய இருவரும் அப்படி ஒரு குடும்ப மரத்தை ஆராய்ந்து 2012இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மரத்தின் அடிக் கிளைகளில் வெந்நீர் ஊற்றுக் கிருமிகளே இருந்தன. எனவே இந்த வித்தை வெந்நீர் ஊற்றில்தான் தொடங்கியது என்று அவர்கள் சொன்னார்கள்.

காலத்தையும் அவர்கள் கணித்தார்கள். பூமி தோன்றி சுமார் 460 கோடி ஆண்டுகள் ஆகின்றன. முதலில் காற்றில் ஆக்சிஜன் இல்லை. அப்போது நீரில் இருந்த கந்தகப் பொருள்கள் பாதரசத்தைக் கட்டிப் போட்டிருந்தன. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது. பாதரசத்தைக் கட்டி வைத்த கந்தகப் பொருள்கள் குறைந்தன. பாதரச உப்பு நீரில் விடுபட்டு உலவியது. அதற்குப் பிறகுதான் இந்த நொதி தோன்றியது என்பது அவர்கள் கருத்து.

தொடக்கத்தில் அமைப்பு எளிமையாக இருந்தது. பிறகு மேலும் பல மரபணுக்கள் சேர்ந்தன. ஒன்று காவலாளி. பாதரசம் வந்தால் மட்டும் மற்றவற்றை எழுப்பி வேலை வாங்கும். இன்னொன்று, பாதரச உப்பை நொதியிடம் கொண்டு வந்து சேர்க்கும். வேறொன்று மெத்தில் பாதரசத்தையே வெட்டிப் பிரிக்கும்.

கிருமிகள் மரபணுவைத் தம் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்பதில்லை. பக்கத்தில் உள்ள வேறு கிருமிக்கும் கொடுக்கும். சமையல் குறிப்பை எழுதிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது போல இது. இப்படி அந்த வித்தை வெந்நீர் ஊற்றை விட்டு மண்ணுக்கும் ஆற்றுக்கும் கடலுக்கும் வந்தது. மனிதர் குடலுக்குள்ளும் வந்தது.

இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. பாதரசத்தைத் தாங்கும் மரபணுவும், மருந்தைத் தாங்கும் மரபணுவும் சில கிருமிகளில் ஒரே துண்டில் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்று போனால் மற்றதும் கூடவே போகும். மருந்துக்கு அடங்காத கிருமி பெருகுவதற்கு இதுவும் ஒரு வழி. டாக்டர் எழுதாமல் கடையில் ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கித் தின்பதும் இன்னொரு வழி.

8. மலைக்கு அந்தப் பக்கம்

வட்டவடைக்குக் கிழக்கே மலையைத் தாண்டினால் கொடைக்கானல் மலை. அங்கே ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. அமெரிக்காவில் மூடப்பட்ட ஆலையின் இயந்திரங்கள் 1980களின் தொடக்கத்தில் அங்கே கொண்டு வரப்பட்டன. பிறகு அந்த ஆலை இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசமும் கண்ணாடியும் வெளிநாட்டில் இருந்து வந்தன. செய்து முடித்த தெர்மாமீட்டர்கள் வெளிநாட்டுக்கே போயின.

2001 மார்ச் மாதம், கொடைக்கானலில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் படிந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் வெளியே கொண்டு வந்தார்கள். அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.

ஆலைக்குப் பக்கத்தில் பாம்பாறு சோலை இருக்கிறது. அங்கிருந்து ஓடும் நீர் கும்பக்கரைப் பக்கம் இறங்குகிறது. மறையூரில் ஓடும் பாம்பாறு வேறு, இது வேறு. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், ஐதராபாத்தைச் சேர்ந்த மத்திய அரசு ஆய்வு நிலைய அறிவியலாளர்கள் கொடைக்கானல் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதாகச் சொன்னார்கள்.

வேலை செய்தவர்கள் தங்கள் உடல் கெட்டது என்று நீதிமன்றம் போனார்கள். ஆலையால் யாருக்கும் நோய் வரவில்லை என்று நிறுவனம் சொன்னது. கடைசியில் 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடும் அவர்கள் குடும்பத்தாரோடும் நிறுவனம் ஒப்பந்தம் செய்து பணம் கொடுத்தது. ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து இது நடந்தது.

உலக நாடுகளும் விழித்துக்கொண்டன. 2013இல் மினமாட்டா உடன்படிக்கை ஏற்பட்டது. பாதரசத்தைப் படிப்படியாகக் குறைப்பது அதன் நோக்கம். 2017இல் அது நடைமுறைக்கு வந்தது. 2018இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டது. பாதரசத் தெர்மாமீட்டர் உற்பத்திக்கு 2020ஆம் ஆண்டை அது கெடுவாக வைத்தது. சில நாடுகள் கூடுதல் காலம் கேட்டுப் பெற்றன.

9. பாட்டிலை என்ன செய்வது?

“இப்ப தம்பியோட கேள்விக்கு வருவோம்” என்றார் டீச்சர். “ஓடைக்கரையில் புதைக்கலாமா?”

மகன் சற்று யோசித்தான். “கிருமி பாதரசத்தைத் தின்னலை. உப்பா இருக்கிறதை ஆவியா மாத்தி வெளியே விடுது. அவ்வளவுதான்.”

“பாட்டிலில் இருக்கிறது எந்த உருவம்?”

“உலோகம்.” அவன் கண்கள் விரிந்தன. “டீச்சர்! கிருமி கடைசியில் செய்றதே அந்த உலோகம்தானே? அப்ப பாட்டிலில் இருக்கிறதை அது என்ன செய்யும்?”

“ஒண்ணும் செய்யாது. மண்ணுக்குள் அது மெல்ல மெல்ல உப்பாக மாறும். மழையில் கரைந்து ஓடைக்குப் போகும். ஓடைச் சேற்றில் காற்றுப் படாத இடத்தில் வேறு வகைக் கிருமிகள் இருக்கு. அவை பாதரசத்தை மெத்தில் பாதரசமா மாத்தும். அதைச் செய்ய உதவுகிற மரபணுக்களை 2013இல் கண்டுபிடிச்சாங்க.”

“அப்ப மீனு?” என்றாள் அம்மா. அவள் மகன் பிடித்து வரும் மீன்தான் அந்த வீட்டுக் குழம்பு.

“அதுதான் அக்கா நான் பயந்தது. ஒரு தெர்மாமீட்டரில் சுமார் ஒரு கிராம் பாதரசம்தான் இருக்கும். ஆனால் ஒரு வீடு புதைச்சால் இன்னொரு வீடும் புதைக்கும்.”

அப்பத்தா கேட்டாள்: “அப்ப அந்தக் கிருமியால ஒரு பயனும் இல்லையா டீச்சரம்மா?”

“இருக்கு பாட்டி. ஜெர்மனியில் தொழிற்சாலைக் கழிவுநீரை, பாதரசம் தாங்கும் பாக்டீரியா நிறைந்த மூடிய தொட்டி வழியா விட்டுப் பார்த்தாங்க. கரைந்த உப்பை பாக்டீரியா உலோகமா மாத்தியது. உலோகம் தொட்டிக்குள்ளேயே தங்கியது. தண்ணீரில் பாதரசம் வெகுவாகக் குறைந்தது. ஆனா அதுக்குத் தொட்டி வேணும், ஆள் வேணும், கண்காணிப்பு வேணும். தொட்டியில் தேங்கிய பாதரசத்தையும் பிறகு பத்திரமா எடுக்கணும். கிருமி பாதரசத்தை அழிக்காது. பாதரசத்தை அழிக்க யாராலும் முடியாது. அதன் உருவத்தையும் இடத்தையும்தான் மாத்தலாம்.”

திங்கட்கிழமை அம்மா அரை நாள் விடுப்பு எடுத்தாள். மூடிய பாட்டிலையும் டப்பாவையும் ஒரு பையில் வைத்தாள். மேலே ‘பாதரசம் – திறக்காதீர்’ என்று தன் கையாலேயே எழுதி ஒட்டினாள். அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் சுகாதார ஆய்வாளரிடம் ஒப்படைத்தாள். திரும்பி வரும்போது பாதரசம் இல்லாத டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வந்தாள்.

மகன் மாலையில் ஓடைக்கு மீன் பிடிக்கப் போனான். அப்பத்தா அடுப்பில் புளியைக் கரைத்து வைத்தாள்.

நினைவில் வையுங்கள்

தெர்மாமீட்டர் உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். ஜன்னலைத் திறங்கள்.
விளக்கமாற்றால் கூட்டாதீர்கள். கையால் தொடாதீர்கள்.
பாதரசத்தை அடுப்பில், சாக்கடையில், ஓடையில், குப்பையில் போடாதீர்கள்.
அட்டையால் சேர்த்து, பாட்டிலில் தண்ணீருக்குள் போட்டு இறுக மூடுங்கள்.
அரசு ஆஸ்பத்திரியில் கேட்டு, அவர்கள் சொல்லும் இடத்தில் ஒப்படையுங்கள்.

விடை சொல்லுங்கள்

1. பாதரசத்தின் மூன்று உருவங்கள் எவை? மிகவும் கொடியது எது?
2. வெந்நீர் ஊற்றுக் கிருமி பாதரச உப்பை என்னவாக மாற்றுகிறது?
3. ஞள்ளானி ஏலத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? ஊற்றுக் கிருமியைத் தேர்ந்தெடுத்தது எது?
4. மினமாட்டாவில் மனிதர்களுக்குப் பாதரசம் எப்படி வந்து சேர்ந்தது?

சரியா, தவறா?

1. பாக்டீரியா பாதரசத்தைத் தின்று அழித்துவிடும்.
2. எல்லா பாக்டீரியாவும் நோய் தரும்.
3. பாதரச ஆவிக்கு மணம் இல்லை.

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊரில் பாதரசம் உள்ள பொருள்கள் எவை? பழைய தெர்மாமீட்டர், பழைய இரத்த அழுத்தக் கருவி, டியூப் லைட், சி.எஃப்.எல். பல்பு ஆகியவை உடைந்தால் இப்போது எங்கே போகின்றன? அந்த இடத்துக்குப் பக்கத்தில் கிணறு, குளம், ஓடை உண்டா? மையத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு பட்டியல் எழுதுங்கள். அதைப் பஞ்சாயத்து உறுப்பினரிடம் கொடுங்கள்.